திமிங்கிலத்துக்கு நாலு விரல்: சின்னப் பிள்ளைகளோடு மியூசியம் போனது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நாலைந்து வயதுப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப் போய் என்ன ஆகப்போகிறது, அவர்களுக்கு என்ன புரியும் என்று கேட்பவர்கள் நிறைய. "குழந்தைகளுக்கு எல்லாம் புரியும்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாம் புரியாது. ஆனால் ஒரே ஒரு பொருளின் முன்னால், பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிற ஒரு பெரியவரோடு, வேண்டிய மட்டும் நிற்கவிட்டால் அந்த வயதுப் பிள்ளை எவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஒரு பருவம் முழுக்க ஒரே மழலையர் வகுப்போடு ஒரே மியூசியத்துக்குத் திரும்பத் திரும்பப் போனோம். அதில் பார்த்ததையும் பதிவு செய்ததையும், அதோடு பொருந்துகிற ஆய்வுகளையும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகள் பெயரோ இடத்தின் பெயரோ சொல்லவில்லை, அது இங்கே தேவையும் இல்லை.

பின்னணி

வகுப்பில் நாலு முதல் ஐந்தரை வயது வரை உள்ள பிள்ளைகள். நானும் இன்னொரு ஆசிரியரும், ஒவ்வொரு முறையும் கூட வர ஒப்புக்கொண்ட சில பெற்றோரும். மியூசியம் பழைய பாணிக் கட்டடம்: கீழே இயற்கை வரலாற்றுக் கூடம், அதன் கூரையில் இருந்து தொங்குகிற திமிங்கில எலும்புக்கூடு, பக்கத்தில் பானைகளும் கற்சிலைகளும், உள்ளறையில் பழைய துணிகள், மாடியில் ஓவியங்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி எதுவும் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகளுக்காகவே கட்டிய மியூசியம் என்ற எண்ணம் 1899-இல் புரூக்ளினில் தொடங்கிவிட்டது என்றாலும், உலகத்தில் பெரும்பாலான பிள்ளைகள் போகிற மியூசியம் பெரியவர்களுக்காகக் கட்டியதுதான். அங்கே என்ன செய்ய முடியும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பதிவுக்கு எங்களிடம் இருந்தவை: பெற்றோர் சம்மதத்தோடு போனில் எடுத்த குரல்பதிவு, பிள்ளைகள் அங்கேயே போட்ட பென்சில் படங்கள், அப்புறம் ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசி எழுதிக்கொண்ட குறிப்பு. இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மியூசியத்துக்குள் நிற்கும்போது எல்லாப் பிள்ளையும் ஆர்வமாகத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து வாயில் என்ன வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் முறை: வழக்கமான சுற்று

முதல் பயணம் எல்லாப் பள்ளிக்கும் வழக்கமாக நடக்கிற மாதிரியே ஏற்பாடாகியிருந்தது. வரிசையாக நின்று, கட்டடம் முழுவதையும் ஒரு சுற்று, கூட ஒரு வழிகாட்டி. வழிகாட்டி அன்பானவர், விஷயம் தெரிந்தவர். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார், பிள்ளைகளும் சமர்த்தாகக் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து "மியூசியத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டபோது வந்த பதில்களில் அதிகம் பேர் சொன்னது படிக்கட்டு. அடுத்தது தொப்பி போட்ட காவலர் தாத்தா. குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்று ஒரு பிள்ளை, தன் தோழியின் செருப்பு அறுந்துபோனதை ஒரு பிள்ளை. "பெரிய எலும்பு" என்று சிலர் சொன்னார்கள், ஆனால் எதன் எலும்பு என்று கேட்டால் யானை, டைனோசர், பேய் என்று ஆளுக்கொன்று. வழிகாட்டி சொன்ன வாக்கியங்களில் ஒன்றுகூட யார் வாயிலும் வரவில்லை.

இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, இந்த வயசுக்கு இதெல்லாம் ஏறாது" என்று ஒரு பெற்றோர் சொன்னார். ஆனால் பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் வேறொன்று தெரியும். படிக்கட்டைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டு ஏறினார்கள், காவலர் தாத்தாவோடு நாலு வார்த்தை பேசினார்கள், அறுந்த செருப்பைப் பற்றி ஐந்து பேர் கூடி ஆலோசனை நடத்தினார்கள். யாரோடாவது சேர்ந்து பேசியது எதுவோ, அது தங்கியிருக்கிறது.

மிண்டா டெஸ்லர், கேத்தரின் நெல்சன் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் இதுதான். மூன்று வயதுப் பிள்ளைகள் அம்மாவோடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தார்கள். பின்னால் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டபோது நினைவில் இருந்தவை அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பேசிய பொருள்கள். பார்த்தும் பேசாமல் கடந்து போனது தங்கவில்லை. அம்மா மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்ததும், பிள்ளை மட்டும் ஏதோ சொல்லி அதற்கு யாரும் பதில் பேசாததும் அநேகமாக அதே கதிதான். எங்கள் வகுப்பின் படிக்கட்டும் செருப்பும் எனக்குப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

களைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மியூசியத்தில் வருகிற அசதிக்கென்றே 1916-இல் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர் அவர். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு வளர்ந்த ஆள் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, முட்டி போட வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தே காட்டினார். வளர்ந்தவர்களுக்கே அந்தப் பாடு. ஒரு மீட்டர் உயரம் உள்ள பிள்ளையின் நிலைமையை எடுத்துச் சொல்ல அதில் யாரும் இல்லை.

ஒரு கூடம், ஒரு பொருள்

இரண்டாவது முறையில் இருந்து திட்டத்தை மாற்றினோம். ஒரு பயணத்துக்கு ஒரு பொருள். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர். மொத்தமே முக்கால் மணி நேரம், அதில் பொருளின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். கூட வரும் பெற்றோரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டோம்: பிள்ளை ஏதாவது சொன்னால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு முன்னால், பிள்ளை சொன்னதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பெரியவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது குரல்பதிவைக் கேட்டால் தெரியும். பதில் நுனிநாக்கில் நிற்கும்போது வாயை மூடிக்கொள்வது லேசான வேலை இல்லை.

முதலில் எடுத்துக்கொண்டது திமிங்கிலம். எலும்புக்கூட்டுக்கு நேர் கீழே பாய் விரித்து எல்லோரும் மல்லாந்து படுத்துக்கொண்டோம். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்ததால் மியூசியத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நின்று கழுத்தை அண்ணாந்து பார்ப்பதற்கும் படுத்துக்கொண்டு பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது: கழுத்து வலிக்காது, ஓடத் தோன்றாது, பக்கத்தில் இருப்பவரோடு பேச வாகாக இருக்கும்.

கொஞ்ச நேரம் வழக்கமான கேள்விகள். இது தூங்குதா, கடிக்குமா, பல் எங்கே. பல் கேள்வியிலேயே நல்ல பேச்சு நடந்தது. அந்தத் திமிங்கிலம் பல் இல்லாத வகை, அதன் மேல்தாடையில் சீப்புப் போலத் தொங்குகிற தகடுகள்தான் உணவை வடிகட்டும், அந்தத் தகடு நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது. இதைச் சொன்னதும் எல்லோரும் தங்கள் நகத்தைக் கடித்துப் பார்த்தார்கள்.

அப்புறம் ஓரமாகப் படுத்திருந்த ஒரு பெண் குழந்தை, கையை மேலே நீட்டிக்கொண்டு, "மிஸ், இதுக்கு விரல் இருக்கு" என்றாள்.

கூட இருந்த பெரியவர் உடனே, "அது துடுப்பும்மா, மீனுக்குத் துடுப்பு இருக்கும்ல" என்றார். பேச்சு அங்கே முடிந்திருக்கும். ஆனால் அடுத்த நொடியே அவருக்கு எங்கள் வேண்டுகோள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "எங்கே பார்த்தே?" என்று கேட்டார். அவள் தன் கையைத் திமிங்கிலத்தின் துடுப்புக்கு நேராகப் பிடித்து, ஒவ்வோர் எலும்பு வரிசையாகக் காட்டி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரும்பவும் எண்ணினாள், நாலுதான். "ஒரு விரல் காணோம்."

"அஞ்சு இருக்கும், சரியா எண்ணு" என்றார் பெரியவர். இப்போது பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் நாலுதான் வந்தது. விழுந்து உடைந்துவிட்டது என்று ஒருவன், மியூசியத்துக்காரர்கள் மாட்ட மறந்துவிட்டார்கள் என்று ஒருவன், அடுத்த பக்கத் துடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இன்னொருத்தி. இந்தக் கடைசி யோசனையை நான் இன்றைக்கும் வியந்துகொள்கிறேன். ஐந்து வயது நிறையாத பிள்ளை, ஒரு ஊகத்தைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே சொல்கிறாள். பாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் நாலு.

பிள்ளைகள் எண்ணியது சரி. நீலத் திமிங்கிலமும் அதன் நெருங்கிய உறவுகளும் அடங்கிய குடும்பத்துக்குத் துடுப்பில் நாலு விரல்தான். டால்ஃபின் போன்ற பல் உள்ள வகைகளுக்கு ஐந்து. தோள் பக்கத்தில் இருந்து பார்த்தால் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, அப்புறம் விரல்கள் என்று நம் கையின் அதே வரிசை. நம் விரலில் மூன்று துண்டு என்றால் அதில் இன்னும் அதிகம். மீன் என்று சொன்ன பெரியவருக்குப் பாலூட்டி என்று தெரியாமல் இல்லை, பள்ளியில் படித்ததுதான். ஆனால் துடுப்புக்குள் விரல் இருக்கிறது என்பதை அவர் அத்தனை வருடத்தில் பார்க்கவே இல்லை, அதை அவரே சொன்னார். நாங்கள் அன்றைக்குப் பிள்ளைகளிடம் "பாலூட்டி" என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உன் கை மாதிரியே கை, அதைக் கொண்டு நீந்துது" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து நடந்த பேச்சில் வகுப்பில் பெரும்பாலானவர்கள் திமிங்கிலத்தின் விரலைச் சொன்னார்கள், கண்டுபிடித்தவள் பெயரையும் சேர்த்து. கேள்வி அதேதான், "மியூசியத்துல என்ன இருந்துச்சு?"

கம்பியைப் பார்த்த பையன்

அதே நாளில் இன்னொன்று நடந்தது, எனக்கு இதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒரு பையன் எலும்பையே பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கூரையில் இருந்து வருகிற கம்பிகள், முதுகெலும்பின் ஊடாகப் போகிற இரும்புத் தண்டு, அவற்றைப் பிடித்திருக்கிற திருகாணிகள். பென்சிலும் தாளும் கொடுத்தபோது எல்லோரும் விலா எலும்பு வரைந்தால் இவன் கம்பி மட்டும் வரைந்தான். திமிங்கிலமே இல்லாத திமிங்கிலப் படம்.

பள்ளியில் இந்த இடத்தில் "கண்ணா, எலும்பை வரை" என்று சொல்லிவிடுவது சகஜம். இன்னொரு ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை, "இது ஏன் விழலைன்னு பார்க்கிறியா?" என்று கேட்டார். தலையாட்டினான். காவலர் தாத்தாவைக் கூப்பிட்டோம். "தொடாதே, ஓடாதே" என்று சொல்வதற்காகவே அங்கே நிற்கிறார் என்று பிள்ளைகள் நினைத்திருந்த மனிதர், எலும்புக்கூட்டைக் கழுவித் துடைக்க சாரம் கட்டியதையும், ஒவ்வோர் எலும்புக்கும் எண் எழுதியிருப்பதையும், மேலே உத்தரத்தில் எங்கெங்கே பாரம் இறங்குகிறது என்பதையும் விரல் நீட்டிச் சொன்னார். பையன் ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டே வால் பக்கம் வந்தவன், "தாத்தா, இது மட்டும் ஏன் தனியாத் தொங்குது?" என்றான்.

வால் பக்கத்து முதுகெலும்புக்குக் கீழே, எதோடும் ஒட்டாமல், இரண்டு மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சின்ன எலும்பு, அதற்கு இணையாக இன்னொன்று. இடுப்பெலும்பின் மிச்சம். திமிங்கிலத்தின் மூதாதைகள் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நாலு காலில் தரையில் நடந்த விலங்குகள். பின்னங்கால் போய்விட்டது, இடுப்பு இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது, இன்றைக்கு அது முதுகெலும்போடு சேர்வதில்லை. உடலுக்குள் சதை பிடித்திருக்கும், எலும்புக்கூட்டில் சதை இல்லாததால் தனிக் கம்பி போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். கூடத்தில் அந்த எலும்பைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், அதுவும் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்ததால். எலும்பைப் பார் என்று அவனைத் திருப்பியிருந்தால் இது கிடைத்திருக்காது.

"இதோட பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி, ரொம்ப ரொம்பப் பழைய பாட்டி, தரையில நடந்துச்சு" என்றோம். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கம்பி வேண்டியிருந்திருக்காது" என்றான். காலும் இடுப்பும் முதுகோடு சேர்ந்திருந்தால் தனிக் கம்பி எதற்கு என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதானே.

மாடியில் ஓவியங்கள்

ஓவியக் கூடத்தில் வேறு முறை. அபிகெய்ல் ஹவ்ஸன் என்ற ஆய்வாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவின் தலைவராக இருந்த ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய ஒரு வழி உண்டு. படத்தின் முன்னால் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? ஓவியர் பெயர், காலம், பாணி எதுவும் பெரியவர் சொல்வதில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லி, பிள்ளை காட்டிய இடத்தை விரலால் காட்டுவது மட்டும்தான் வேலை.

நாங்கள் எடுத்தது ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம். பார்த்தவுடன் பெரியவர்கள் "அமைதி" என்று சொல்லக்கூடிய படம். ஒரு பிள்ளை, "அந்த அக்கா கோவமா இருக்காங்க" என்றது. எதைப் பார்த்து? "கால் விரலை மடக்கி வச்சிருக்காங்க." போய்ப் பார்த்தால் நிஜமாகவே வலது கால் விரல்கள் தரையைப் பற்றினாற்போல் வளைந்திருக்கின்றன. இன்னொரு பிள்ளை அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் என்றால் புருவம் இப்படி இருக்கணும், இது அவசரமாக பாத்ரூம் போகணும் போலிருக்கிற கால் என்றது. மூன்றாவது பிள்ளை, யாருக்காகவோ காத்திருக்கிறாள், அதனால்தான் கதவு திறந்திருக்கிறது என்றது. அந்தக் கதவையும் அதுவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தில் நிழலில் இருந்தது.

மூன்று கேள்விகளில் இரண்டாவதுதான் உயிர். "என்ன தெரிகிறது" என்று மட்டும் கேட்டால் மரம், அக்கா, ஜன்னல் என்று பட்டியல் வரும். "எதைப் பார்த்து" என்று கேட்டவுடன் பிள்ளை திரும்பப் படத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, சான்று தேட வேண்டியிருக்கிறது. போகப்போக, பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். வகுப்பில் ஒருநாள் யாரோ தன் ரப்பரை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பிள்ளை அழுதபோது பக்கத்து இருக்கைப் பிள்ளை "எதைப் பார்த்துச் சொல்றே?" என்று கேட்டது குறிப்பில் இருக்கிறது.

ஓவியத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்வதால் எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். பானை முன்னால் பயன்படுத்திப் பார்த்தோம், பேச்சு சீக்கிரம் வறண்டுவிட்டது. பானையில் நடக்கிற கதை எதுவும் இல்லை. அதற்குக் கையில் களிமண் வேண்டும். வகுப்பில் களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிப் பானை செய்த பிறகு போனபோதுதான் பழைய பானையின் உட்பக்கத்தில் இருந்த விரல் அழுத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். தங்கள் பானையிலும் அதே தடம் இருந்ததால் அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உயரம், இருட்டு, தொடாதே

பெரியவர்கள் கவனிக்காத சில நடைமுறை விஷயங்கள். படங்களை நடுமையம் தரையில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இருக்கும்படி மாட்டுவது பல இடங்களில் வழக்கம். நாலு வயதுப் பிள்ளையின் கண் ஒரு மீட்டருக்கும் கீழே. கண்ணாடி போட்ட படம் என்றால் அந்த உயரத்தில் இருந்து பார்க்கும்போது விளக்கின் வெளிச்சம்தான் கண்ணாடியில் தெரிகிறது. ஒரு குழு ஒரு படத்தின் முன்னால் நிற்கவே மறுத்தது, முரண்டு என்று நினைத்த அப்பா ஒருவர் குந்தி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்ததும் படம் தெரிந்தது. போகும்போது ஒவ்வொரு பொருளின் முன்னாலும் முதலில் நீங்கள் குந்திப் பாருங்கள்.

துணிக் கூடம் இருட்டாக இருக்கும். ஒரு பிள்ளை வாசலிலேயே அழுதுவிட்டது. "ஒண்ணும் இல்லை, பயப்படாதே" என்பது வேலைக்கு ஆகவில்லை. பழைய துணியின் சாயத்தை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், அதனால்தான் அங்கே 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவுக்கு மேல் விளக்கு வைப்பதில்லை. இதைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி, "ரொம்ப வயசான துணி, அதுக்கு வெளிச்சம் பட்டா நிறம் போயிடும், அதான் லைட்டைக் கம்மி பண்ணியிருக்காங்க" என்று சொன்னதும் அழுகை நின்றது. அடுத்த முறை அதே பிள்ளை மற்றவர்களுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தது.

தொடாதே என்பதற்கும் இதே வழிதான். வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது, அது உலோகத்தை அரிக்கும் என்பதை வகுப்பிலேயே காட்டிவிட்டுப் போனோம், பளபளப்பான தட்டில் விரலை வைத்து எடுத்தால் தடம் தெரியும். காரணம் தெரிந்த பிள்ளைகளைக் கையைக் கட்டு என்று அதட்டத் தேவைப்படவில்லை. ஒரு சிலருக்குக் கை துறுதுறுவென்றுதான் இருந்தது, அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்தோம்.

யாருக்கு விளக்கம் கிடைக்கிறது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெவின் கிரவுலியும் மோரீன் கேலனனும் இன்னும் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் மியூசியத்தில் பெற்றோர் பிள்ளைகளோடு பேசுவதைப் பதிவு செய்து பார்த்தது. காட்சிப் பொருளை இயக்குவது எப்படி என்று ஆண், பெண் குழந்தைகள் இரண்டு பேருக்கும் சொல்கிறார்கள். ஆனால் அது ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் என்று வரும்போது, பையன்களுக்குச் சொல்வது பெண் குழந்தைகளுக்குச் சொல்வதைப் போல மூன்று மடங்கு. பிள்ளைகள் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையால் வந்த வித்தியாசமும் இல்லை இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் குரல்பதிவைத் திரும்பக் கேட்டேன். திமிங்கிலத்தின் கீழே, பையன்களிடம் "ஏன்னா…" என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள் நிறைய. பெண் குழந்தைகளிடம் "அட, ஆமாம்டா செல்லம்", "எவ்வளவு பெருசு பாரு" என்று முடிந்துவிடுகிறவை நிறைய. விரலைக் கண்டுபிடித்தவளுக்குக் கிடைத்த முதல் பதில்கூட விளக்கம் இல்லை, திருத்தம். இதை அடுத்த பயணத்துக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் பதிவோடு போட்டுக் காட்டினோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லோரும் தங்கள் மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இதைக் காதால் கேட்டால் ஒழிய நம்ப முடிவதில்லை. கேட்ட பிறகு பேச்சு மாறியது.

திரும்பி வந்த பிறகு

நியூயார்க்கில் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் யூத அருங்காட்சியகத்துக்குப் போய், தொல்லியலாளர்கள் போல மணல் தொட்டியில் தோண்டிப் பொருள் எடுத்து, களிமண்ணில் மாதிரி செய்து திரும்பிய ஒரு பயணத்தை ராபின் ஃபைவுஷும் ஜூடித் ஹட்சனும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆறு ஆண்டுக்குப் பிறகு "அந்த மியூசியத்துக்குப் போனது ஞாபகம் இருக்கா" என்று சும்மா கேட்டபோது ஏறக்குறைய யாருக்கும் வரவில்லை. மணலில் தோண்டினீர்களே என்று ஒரு குறிப்பு எடுத்துக் கொடுத்து, படங்களையும் காட்டியபோது நினைவு வந்தது. அழிந்துபோகவில்லை, எடுத்துக்கொடுக்க ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இதனால் நாங்கள் படம் எடுக்கும் விதத்தை மாற்றிக்கொண்டோம். வாசலில் வரிசையாக நின்று எடுக்கிற குழுப்படம் பெற்றோருக்கு அனுப்ப நன்றாக இருக்கும், பேச்சைத் தொடங்க அது உதவாது. பிள்ளை கண் உயரத்தில் இருந்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பகுதியை மட்டும் எடுத்தோம்: நாலு விரல், தனியாகத் தொங்கும் எலும்பு, மடங்கிய கால் விரல். அந்தப் படத்தை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பி, "இதைப் பற்றி உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்" என்று எழுதினோம். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டால் தோளைக் குலுக்குகிற பிள்ளை, இந்தப் படத்தைப் பார்த்தால் கால் மணி நேரம் பேசுகிறது. இதைப் பல வீட்டில் சொன்னார்கள்.

வகுப்பின் ஒரு மூலையில் பிள்ளைகள் தங்கள் மியூசியத்தை வைத்தார்கள். லேபிளைப் பிள்ளை சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். ஒரு சாவிக்கு வந்த லேபிள்: "இது பாட்டியோட சாவி. எந்தப் பூட்டுன்னு பாட்டிக்கும் தெரியாது." உடைந்த ஒரு பொத்தானுக்கு: "மீதி கிடைச்சா சொல்லுங்க." எங்கே கிடைத்தது, யாருடையது, என்ன தெரியவில்லை என்பதெல்லாம் லேபிளில் வர வேண்டும் என்று நாங்கள் சொல்லித்தரவில்லை.

எதைச் சொல்ல முடியாது

ஒரே வகுப்பு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பு இல்லை. பதிவு செய்தவர்களே பாடம் நடத்தியவர்கள். திரும்பத் திரும்பப் போனதால் வந்த பழக்கம் எவ்வளவு, முறை மாறியதால் வந்தது எவ்வளவு என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குக் கடைசி வரை மியூசியம் பிடிக்கவில்லை, கூட்டம் கூடினாலே ஒருவன் காதைப் பொத்திக்கொள்வான். அவனுக்காகக் காலையில் கதவு திறந்தவுடன் போக ஆரம்பித்தோம், அது அவனுக்கு ஓரளவு உதவியது, எங்கள் எல்லோருக்குமே நிறைய உதவியது.

ஆனால் ஒரு பொருள், சின்னக் குழு, எதிர்க்கேள்வி, பிறகு படத்தை வைத்து மறுபேச்சு என்ற இந்த நாலையும் எந்த வகுப்பும், எந்தக் குடும்பமும் செலவில்லாமல் செய்யலாம். மியூசியங்களிடம் கேட்பதற்கும் பெரிதாக எதுவும் இல்லை. உயரம் போதாத பிள்ளைக்கு ஒரு முக்காலி, படுத்துப் பார்க்க ஒரு பாய் விரிக்கும் அனுமதி, பேசத் தயாராக இருக்கிற காவலர். கடைசியில் சொன்னதுதான் மூன்றிலும் முக்கியம். அவர்கள் அந்தப் பொருள்களோடு நாள் முழுக்க இருப்பவர்கள், பிள்ளைகளின் பாதிக் கேள்விக்கு லேபிளில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கிறது.

அடுத்த பருவம் எதைப் பார்ப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் கற்சிலைகள் என்கிறார்கள், மூக்கு உடைந்தவை ஏன் இத்தனை என்று தெரிய வேண்டுமாம். கம்பியைப் பார்த்த பையனும் அவனோடு சேர்ந்த இருவரும், கனமான பொருள்களை மாடிக்கு ஏற்றுகிற சரக்கு லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.